மஞ்சள் கடுதாசிக்கு வந்த மொய்

முதலில் வந்தது பலாப்பழ வாசனை.

மாடி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும். ஒரு வியாபாரி அந்த நேரத்தில் படுத்திருந்தால் ஒன்று காய்ச்சல், இல்லையென்றால் கடன். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. கீழே கடை பூட்டிக் கிடந்தது. நான் தெருவில் தலைகாட்டிப் பத்து நாள் ஆகியிருந்தது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கோ மிதந்துகொண்டிருந்தபோது, ஜன்னல் இடுக்கு வழியாக அந்த வாசனை உள்ளே வந்தது. கனவு என்று நினைத்து இன்னும் நன்றாகப் போர்த்திக்கொண்டேன்.

அப்புறம் மேளம் கேட்டது. ஒரே ஒரு மேளம்தான். அவசரமே இல்லாமல், நடக்கிறவர்களின் காலுக்கு ஏற்றபடி டும், டும் என்று வந்தது.

எழுந்து ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பெண்கள் கொண்டையில் பூ. இரண்டு பேர் நடுவில் ஒரு மூங்கில், அதில் நான்கு பலாப்பழங்கள் தொங்கின. அவற்றின் மேல் காலை வெயில் விழுந்து, தெருவே பழுத்துவிட்டது போல் இருந்தது. முன்னால் நடந்தவர் சடையன். வெள்ளிமலைக்கு மேலே, பேர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஊர்க்காரர். என் வயதுதான் இருக்கும்.

என் கடை வாசலில் வந்து நின்றார்கள். பூட்டிய கதவை அண்ணாந்து பார்த்தார்கள். சடையன் தன் ஆட்களிடம் பெருமையாகச் சொன்னது மாடிக்கே கேட்டது. "பாத்தியா, கல்யாணத்துக்காக கடையவே மூடிக்கீறாங்க."

என் வீட்டில் எந்தக் கல்யாணமும் இல்லை. அவர் கையில் மடித்து வைத்திருந்தது, நான் திவாலாகப் போகிறேன் என்று என் வக்கீல் அவருக்கு அனுப்பிய நோட்டீஸ்.

ஒரு நிறம், இரண்டு சேதி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் ஒருவன் கடனைக் கட்ட முடியாமல் கோர்ட்டுக்குப் போய்விட்டால், "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான்" என்பார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள், டீக்கடையில் பாக்கி வைக்க விடமாட்டார்கள். சட்டம் மஞ்சள் தாளைத்தான் கேட்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வக்கீலின் குமாஸ்தா அப்படி நம்பினார். கடுகு டப்பா மாதிரி கனத்த கண்ணாடி போட்ட மனுஷர். ஒரு கட்டு மஞ்சள் தாள் வாங்கி வைத்துக்கொண்டு, யார் குடி மூழ்குமோ என்று காத்திருப்பார்.

மலையிலோ கதை வேறு. மஞ்சள் பட்ட தாள் ஒரு வீட்டுக்கு வந்தால் கல்யாணம், இல்லையென்றால் காதுகுத்து. மஞ்சளில் கெட்ட சேதி வரும் என்று அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

தபால்காரர் மலை ஏறிப் போய்க் கடுதாசியைக் கொடுத்து, கைநாட்டு வாங்கியிருக்கிறார். "கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை பாய் அனுப்பிக்கீறாரு, வெள்ளிக்கெழம தேதி போட்டுக்கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை, ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்க வக்கீல் கொடுத்த கெடு. தெரிந்தே சொல்லாமல் விட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். அந்த ஊரில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பள்ளிக்கூட வாத்தியார். அவர் லீவில் களமருதூர்ப் பக்கம் தன் சொந்த ஊருக்குப் போயிருந்தார்.

சடையனின் மனைவி தாளைத் தடவிப் பார்த்திருக்கிறாள். நிறத்தைப் பார்த்திருக்கிறாள். என் தங்கை நூர்ஜஹானுக்கு அப்போது பதினெட்டு வயது. "நூரு பாப்பாவுக்குக் கல்யாணம்" என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அப்புறம் எந்த வாத்தியார் வேண்டும்? விடியலில் கிளம்பிக் கச்சிராயபாளையம் வரை நடந்து இறங்கி, அங்கே பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

இதுக்கு மேல காட்டாத

நான் திவாலுக்கு வந்து சேர்ந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். அதில் மறைக்க ஒன்றும் இல்லை, வெட்கப்படத்தான் நிறைய இருக்கிறது.

கருணாபுரத்திலிருந்து ஒரு கூலிக்காரம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் கடைக்கு வருவாள். பேர் முனியம்மா. முந்தானையில் முடிந்த பணத்தை முதலில் அவிழ்த்து என் முன்னால் வைப்பாள். "இவ்ளோதான் பாய் கீது. இதுக்கு மேல வெலையில எதையும் பிரிச்சிக் காட்டாத, கண்ணு கெட்டுடும்" என்பாள். நான் வேடிக்கைக்கு ஒரு பட்டு பார்டரைப் பிரிக்கப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாங்கிய சேலையோடு பலகாரத்துக்கும் பட்டாசுக்கும் காசு மிச்சம் வைத்துக்கொண்டு போவாள். அவள் போன பிறகு நானும் கடை ஆட்களும் சிரிப்போம்.

சிரித்த வாய்க்குச் சீக்கிரமே பதில் கிடைத்தது. அந்த வருஷம் தீபாவளியும் ரம்ஜானும் ஒரு மாத இடைவெளியில் வந்தன. இரட்டைப் பண்டிகை, இரட்டை வியாபாரம் என்று மனசு பறந்தது. ஈரோட்டுக்குப் போனேன். அங்கே மொத்த வியாபாரிகள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். புதுத் துணியின் கஞ்சி வாசனை இருக்கிறதே, அதில் எனக்கு எப்போதும் ஒரு மயக்கம் உண்டு. ஒரு நீலம் இருந்தது, மலை மேல் மழைக்கு முன்னால் தெரிகிற நீலம். அதில் மட்டும் நாற்பது சேலை எடுத்தேன். எல்லாம் கடன். முன்பணம் கொஞ்சம் குறைந்தது. கடைப் பெட்டியில் தனியாக இருந்த ஒரு பணத்தை எடுத்து அதை நிரப்பினேன். அது யாருடைய பணம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. சேலைகளில் பாதி அலமாரியிலேயே தங்கிவிட்டன.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அடுத்து எலெக்‌ஷன் வந்தது. ஊரில் ஒரு ரைஸ்மில் முதலாளி சுயேச்சையாக நின்றார். சின்னம் குடை. கடைக்கு வந்து, குடை அச்சுப் போட்ட துண்டு மூவாயிரம் வேண்டும், பணம் ஜெயித்த மறுநாள் என்றார். இழந்ததை எல்லாம் ஒரே துண்டில் பிடித்துவிடலாம் என்று நான் மறுபடியும் ஈரோட்டுக்கு ஓடினேன்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதை என் மனைவியிடம்கூடப் பல வருஷம் சொன்னதில்லை. ஓட்டுப்போடும் அன்று சாவடிக்குள் அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்று நான் நிதானமாக யோசித்தேன். இந்த ஆள் பேச்சில் நிற்க மாட்டான், மில் கூலிக்காரர்களுக்கே ஒழுங்காகக் கூலி கொடுக்காதவன், இவனுக்கு எதற்கு என்று தோன்றியது. வேறொரு சின்னத்தில் குத்திவிட்டு வந்தேன். ஒரு பைசா பெறாத ஓட்டைக் கொடுக்க அத்தனை யோசித்தவன், கடையையே தூக்கிக் கொடுத்தபோது ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

குடை தோற்றது. டெபாசிட்டும் போனது. பாதித் துண்டு ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது, மீதிப் பாதி என் கடையில். பணம் கேட்கப் போனபோது மில் முதலாளி, எங்கள் தெருவில் தனக்கு விழுந்த ஓட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

கடனா, அமானிதமா

ஈரோட்டுக்காரர்கள் ஆள் அனுப்பத் தொடங்கியதும் ஒரு நண்பர் வக்கீலிடம் அழைத்துப் போனார். வக்கீல் தங்கமான மனுஷர். கடன்காரர்கள் பட்டியலைக் கேட்டார். நான் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார். அந்தப் பட்டியலில் கடைசிப் பேர் சடையன், நானூற்றைம்பது ரூபாய்.

வீட்டுக்கு வந்து நகலை என் மனைவி ஜைத்தூனிடம் காட்டினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கடைசிப் பேருக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இவரு எப்படிங்க கடன்காரரு ஆனாரு? இது கடன் இல்லீங்களே. அமானிதம்."

எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. கடன் என்றால் கொடுத்தவனும் லாபம் பார்த்துக் கொடுக்கிறான், வாங்கியவனும் லாபம் பார்த்து வாங்குகிறான். அமானிதம் என்பது நம்பி ஒப்படைத்தது. வைத்திருப்பவன் அதைத் தொடவே கூடாது.

சடையன் கடுக்காயும் புளியும் தேனும் விற்ற காசில் மிச்சத்தை என் கடையில் கொடுத்துவைப்பார். வட்டி கிடையாது, சீட்டு கிடையாது. மகனுக்குக் கல்யாணம் வரும்போது பெண் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய பரியப் பணம் அது. கூரை வீட்டில் பணம் வைத்தால் எலி பாதி, சாராயம் பாதி என்று சிரிப்பார். ஈரோட்டில் முன்பணம் குறைந்தபோது நான் கை வைத்தது அந்தப் பணத்தில்தான். ஒரு வாரத்தில் திரும்ப வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கை வைக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

கோர்ட்டுக்கு அந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது, எல்லாம் பாக்கிதான் என்று ஜைத்தூனிடம் வள்ளென்று விழுந்தேன். அவள் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திங்கட்கிழமை நான் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலையில், பலாப்பழம் வந்தது.

சாமைச் சோறு

மாடியிலிருந்து நான் இறங்குவதற்குள் நூரு கதவைத் திறந்துவிட்டாள். சடையனின் மனைவி அவளைப் பிடித்து நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நூருவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

ஜைத்தூனுக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிட்டது. வந்தவர்களுக்குப் பாய் விரித்தாள். வீட்டில் அரிசி இரண்டு ஆழாக்குக்கு மேல் இல்லை. அவர்கள் சீராகக் கொண்டுவந்த மூட்டையிலேயே சாமை இருந்தது. அதைப் பொங்கி, கத்தரிக்காய் போட்டுத் தால்ச்சா வைத்தாள். மேளக்காரர் கூடத்து மூலையில் மேளத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார். வீடு முழுக்கப் பலாவும் தேனும் மலைப் புகையும் கலந்த ஒரு வாசனை. பத்து நாளாகப் பேச்சே இல்லாமல் கிடந்த வீட்டில் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு மணி நேரம், உண்மையாகவே கல்யாண வீடுதான் போலிருக்கிறது என்று எனக்கே தோன்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வர வேண்டியதுதான் பாக்கி. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவை வாயைத் திறந்தபோதும் யாராவது சோறு கேட்டார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சடையன் கேட்டார். அவருக்கு யாரிடமும் "ங்க" வராது, கலெக்டர் வந்தாலும் "வா, குந்து" தான். நானும் அவரிடம் நீ, வா என்றுதான் பேசுவேன்.

"மொய் எழுதற ஆளு எங்க பாய்?"

நான் தால்ச்சாச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கையில ரொக்கம் இல்ல. உன்கிட்ட கீதே என் பணம், அதுலேந்து இருபத்தோரு ரூவா மொய்யா எழுதிக்க. மிச்சம் என் பையனுக்கு இருக்கட்டும்."

ஜைத்தூன் கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றாள். என்னையே பார்த்தாள். அழுதுவிடுவேன் என்று பயந்து, சத்தமாகப் பேசினேன்.

"அந்தக் கடுதாசியக் குடு சடையா. படிக்கறேன்."

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் அவருடைய வியர்வை பட்டு ஓரம் நனைந்திருந்தது. எல்லோரும் நல்ல சேதி கேட்கிற முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் முதல் வரியிலிருந்து படித்தேன். "எனது கட்சிக்காரர் தமது கடன்களைத் தீர்க்க வகையற்றவராகி..."

"நீ எந்தக் கட்சி பாய்?" என்று இடையில் கேட்டார் சடையன். "குடை கட்சியா?"

வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வக்கீல்கள் தங்களிடம் வருகிறவனை அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கிவிட்டு, மறுபடி படித்தேன். அவர் பேர் வந்தது, தொகை வந்தது. என் குரல் யாரோ பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்டது.

"வகையற்றவருன்னா இன்னா?"

"குடுக்க முடியாதவன்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

பாதிச் சோற்றோடு சடையன் எழுந்துபோய்க் கை கழுவினார். வெகு நேரம் கழுவினார். திரும்பி வந்தபோது முகம் இறுகியிருந்தது. என்னை அடித்தாலும் தேவலை என்று நின்றேன்.

"எனக்கு கோர்ட்டு தெரியாது பாய். நான் குடுத்தது உன் கையில."

அவ்வளவுதான் சொன்னார். அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அவர் கடையைத் திறக்கச் சொன்னார். உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது என்று அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். கடன்காரன் கேட்பதில் தப்பில்லை. திறந்தேன்.

பத்து நாள் பூட்டிக் கிடந்த கடையில் தூசி வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. நீலச் சேலைகளை அவர் கண்டுகொள்ளவில்லை. மூலையில் கூரை வரை அடுக்கியிருந்த துண்டுகளில் ஒன்றை உருவினார். நல்ல கனமான துண்டு. கன்னத்தில் வைத்துப் பார்த்தார். விலை கேட்டார்.

"இத யாரும் வாங்க மாட்டாங்க. தோத்த சின்னம்" என்றேன்.

"மேல குளுருக்கு, ஜெயிச்ச துண்டு தோத்த துண்டுன்னு தெரியுமா?"

இருபது இருபது துண்டாக நான்கு மூட்டை கட்டச் சொன்னார். மலையில் விற்றுப் பணம் கொண்டுவருவாராம். விற்ற காசை அவருக்குத் தரவேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோதுதான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அது என் வியாபாரம், இது அவர் பணம், இரண்டையும் ஏன் குழப்புகிறேன் என்று கேட்டார். அமானிதம் என்ற சொல் தெரியாத மனுஷர் அதன் அர்த்தத்தை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் நின்றிருந்த ஜைத்தூன், அதற்கு எங்கள் வீட்டில் அமானிதம் என்று பேர் என்று அவரிடம் சொன்னாள்.

கிளம்பும்போது சடையனின் மனைவி நூருவுக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையலை மாட்டிவிட்டாள். கல்யாணம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாட்டினாள். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாதாம். மேளக்காரர் மட்டும் திரும்பும்போது அடிக்கவில்லை.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை வக்கீல் முன்னால் உட்கார்ந்து, முதல் தடவையாக நான் கேள்வி கேட்டேன். அதற்கு முன் நான்கு தடவை போனபோதெல்லாம் தலையை மட்டும் ஆட்டியிருந்தேன். கையெழுத்துப் போட்டால் சடையன் பணம் என்ன ஆகும்? எல்லோருக்கும் பங்கு போட்டால் ரூபாய்க்கு இரண்டணா வந்தாலே பெரிது என்றார் வக்கீல். போடாவிட்டால்? கடை போகும், வீடு போகும், பல வருஷம் உழைத்துக் கட்ட வேண்டும், ஈரோட்டுக்காரர்கள் கெடு கொடுத்தால் உண்டு என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் அதுவரை எதையும் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் திவால் சட்டத்தைத் திட்ட வேண்டாம். வழியே இல்லாதவனுக்கு அது ஒரு கதவு. அந்தக் கதவு இல்லாமல் கயிற்றைத் தேடியவர்களை எனக்குத் தெரியும். எனக்கு வழி இருந்தது. வெட்கம் அதன் மேல் படுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடாமல் எழுந்தேன். குமாஸ்தாவுக்கு ரொம்ப வருத்தம்.

கடையும் மாடியும் விலைக்குப் போயின. ஈரோட்டுக்கு நானே போய் எதிரில் நின்றேன். ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுக் கெடு கொடுத்தார், இன்னொருவர் கெடு கொடுத்துவிட்டுத் திட்டினார். நான் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு சந்தை சந்தையாகப் போனேன். கச்சிராயபாளையம் சந்தையில் முனியம்மா ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு பாவாடைத் துணி வாங்கிக்கொண்டு போனாள். நான் விலை கூடுதலாக எதையும் பிரித்துக் காட்டவில்லை.

முதலில் தீர்ந்தது சடையன் பணம்தான். தை பிறந்ததும் அவர் மகனுக்குப் பெண் கேட்டுப் போவதாக இருந்தது. அதற்குள் ஜைத்தூன் தன் சங்கிலியைக் கழற்றிவிட்டாள். நானே மலை ஏறிப்போய்க் கொடுத்தேன். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"இருபத்தோரு ரூவா ஜாஸ்தி கீது."

"சரியாத்தான் கீது. நானூத்தம்பது."

"மொய் எழுதச் சொன்னேன்ல."

"கல்யாணமே நடக்கலியே சடையா."

"நடக்கறப்ப எழுது. அது வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். உன் பொஞ்சாதி அன்னிக்கு ஒரு பேரு சொல்லுச்சே, அதுமாரி."

ரோஸ் நிறத் தாள்

அந்த இருபத்தோரு ரூபாயை ஜைத்தூன் ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள். மற்றக் கடன்கள் தீர ஏழு வருஷம் ஆயிற்று. அந்த ஏழு வருஷத்தில் அடுப்பு மூட்டாத நாட்களும் உண்டு. டப்பா அலமாரியில் இருந்தபடியே இருந்தது. ஒரு பெருநாளைக்கு முன்னால் நான் அதை ஒரு தடவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

என் கடனில் ஒரு பங்கை நூருவும் கட்டினாள். பதினெட்டில் வந்த வரன்கள் இருபத்திரண்டில் வரவில்லை. கடைசியில் கல்யாணம் கூடியபோது அவளுக்கு இருபத்தாறு. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அழைப்பிதழ் அடிக்கும்போது அச்சகத்தில் தெளிவாகச் சொன்னேன், எந்த நிறம் வேண்டுமானாலும் போடுங்கள், மஞ்சள் மட்டும் வேண்டாம். ரோஸ் நிறத்தில் அடித்தார்கள். முதல் அழைப்பைச் சடையனுக்குத் தபாலில் அனுப்பினேன். கல்யாணத்தன்று மொய் நோட்டைப் பிரித்ததும், யார் வருவதற்கும் முன்னால், என் கையாலேயே முதல் வரி எழுதினேன். சடையன், இருபத்தோரு ரூபாய். டப்பாவை அங்கேயே வைத்துத் திறந்தேன்.

அவர் வரவில்லை. சாயங்காலம் வரை வாசலிலேயே இருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்தச் சத்தம் கேட்டாலும் மேளமோ என்று பார்த்தேன்.

பத்து நாள் கழித்து ஜீப்பில் மலை ஏறினேன். அன்று வெள்ளிமலையில் நல்ல பனி. பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்து மறைந்தார்கள், தோளிலும் தலையிலும் துண்டு. அருகில் வந்தபோதுதான் பார்த்தேன், வெளுத்துப்போன சிவப்பில் ஒரு குடை. இன்னொருவர், இன்னொரு குடை. மழையே இல்லாத நேரத்தில் குடைகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. தோற்ற சின்னம் அங்கே எட்டு வருஷமாக உழைத்துக்கொண்டிருந்தது.

சடையன் முற்றத்தில் கடுக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முகத்தை உற்றுப் பார்த்தார். ஒல்லியாகிவிட்டேனா என்று பார்ப்பது போல இருந்தது.

"ஏன் வரல?" என்றேன். எனக்குக் கோபம்தான்.

அவர் கூரையைக் காட்டினார். அடுப்புக்கு மேலே மூங்கில் இடுக்கில் என் அழைப்பிதழ் செருகியிருந்தது. உறைகூடப் பிரிக்கவில்லை.

"காயிதம் வந்துச்சு. இந்த வாட்டி இன்னா போச்சோன்னு நெனச்சேன். நான் வந்து நின்னா நீ சங்கடப்படுவ. அதான் வரல, பாய். வாத்தியார்கிட்டகூட காட்டல."

நான் எட்டி அதை எடுத்தேன். உறையைப் பிரித்தேன். அடுப்புப் புகை உள்ளேயும் போயிருந்தது, ரோஸ் தாளின் ஓரமெல்லாம் மஞ்சள் படிந்திருந்தது. அவர் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று நிமிர்ந்து உட்கார்ந்த சடையன் இப்போது தலையைக் குனிந்துகொண்டார், கெட்டதைக் கேட்கத் தயாராக. நான் முதல் வரியிலிருந்து படித்தேன். என் அத்தா பேர், அம்மா பேர், நூர்ஜஹான் பேர், மாப்பிள்ளை பேர், கிழமை, நேரம், விருந்து. பாதியில் அவர் மனைவி அழத் தொடங்கிவிட்டாள். நான் நிறுத்தவில்லை. மொய் நோட்டில் முதல் பேர் யாருடையது என்பதையும், அழைப்பில் அச்சடித்திருப்பது போலவே சேர்த்துப் படித்துவிட்டேன்.

சடையன் தலையை நிமிர்த்தினார்.

"இதுல எந்தக் கட்சியும் வரலியே?"

"வரல."

"அப்ப இன்னொரு வாட்டி படி."